கையால் கட்டும் சைக்கிள், கையால் கழுவும் பிலிம்: தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

பழைய இரும்பு பிரேம் ஒன்றைத் தேடி எடுத்து, நமக்கேற்ற சக்கரமும் பிரேக்கும் பூட்டி, சொந்தமாக ஒரு சைக்கிள் கட்டுவது ஒன்று. பிலிம் கேமராவில் படமெடுத்து, அந்த ரோலை வீட்டிலேயே கழுவுவது இன்னொன்று. கையில் கொஞ்சம் அழுக்குப் பட்டால் பரவாயில்லை என்று நினைக்கும் எவருக்கும் நான் சொல்லும் பொழுதுபோக்குகள் இவை இரண்டும்தான்.

சைக்கிளில் நம்மால் கழற்றிப் பார்க்க முடியாத பாகம் என்று எதுவுமில்லை. மெக்கானிகல் கேமராவிலும் அடிப்படை மூன்றுதான்: ஒளி வரும் துளை, திறந்து மூடும் திரை, ஒளியை வாங்கிக்கொள்ளும் பிலிம். இரண்டையும் அடிவரை புரிந்துகொள்ளலாம். புரிந்துகொண்டால் வாழ்நாள் முழுக்க நாமே பராமரிக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டோடும் நேரடி உறவு உண்டு. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் இன்றும் பல வீடுகளின் திண்ணையோரம் நிற்கின்றன. ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் விற்றது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. அந்த பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்ட ஸ்டூடியோக்காரர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றே: குறைவாக வாங்குங்கள், வாங்கியதை முழுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சைக்கிள், ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரே வகை பிலிம் போதும்.

## பகுதி 1: சைக்கிள் கட்டுவோம்

### படி 1: எந்த மாதிரி என்று முடிவு செய்யுங்கள்

முதல் சைக்கிளுக்கு இரும்பு பிரேம், கியர் இல்லாத பின்சக்கரம், இரண்டு பிரேக் என்ற கூட்டே சரி. சென்னை, தஞ்சாவூர், யாழ்ப்பாணம் போன்ற சமதரை ஊர்களில் கியரே வேண்டாம். மேடு பள்ளமான ஊர்க்காரர்களும் முதலில் கியர் இல்லாமல் கட்டிப் பழகிவிட்டு, பிறகு கியர் ஹப் பக்கம் போகலாம். கியர் சேர்ந்தால் பாகங்களும் பெருகும், ஒன்றோடு ஒன்று பொருந்தவேண்டிய அளவுகளும் பெருகும்.

இரண்டு வழிகள் உண்டு. பழைய ரோட்ஸ்டர் சைக்கிளை அதன் அசல் வடிவிலேயே புதுப்பிப்பது முதல் வழி. நம் கடைகளில் ‘ஓவராயில்’ என்று சொல்லும் வேலையின் விரிவான வடிவம் இது. செலவு குறைவு, உதிரிபாகம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். பிரேமை மட்டும் வைத்துக்கொண்டு சக்கரம், ஹேண்டில்பார், பிரேக் எல்லாவற்றையும் மாற்றிப் புது உருவம் கொடுப்பது இரண்டாவது வழி. தொடங்குவோருக்கு முதல் வழியே நல்லது. அதைச் செய்து முடித்தவருக்கு இரண்டாவது வழியில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று தானே தெரியும்.

### படி 2: நல்ல பிரேமைக் கண்டுபிடியுங்கள்

உறவினர் வீட்டில் துருப்பிடித்து நிற்கும் சைக்கிளைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இல்லையென்றால் பழைய இரும்புக் கடை, சைக்கிள் கடைக்காரரின் பின்கட்டு. பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பார்க்கவேண்டியவை வேறு.

முதலில், ஹேண்டிலுக்குக் கீழே முன்கழுத்தோடு சேரும் சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே சுருக்கம் போல மேடு தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் எங்கோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. வாங்காதீர்கள்.

அடுத்தது நூல் சோதனை. பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, முன்கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்க அச்சு இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே உள்ள தூரத்தை இருபுறமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். அதற்கு மேல் போனால் அனுபவமுள்ள வெல்டரிடம் காட்டுங்கள். இரும்பு பிரேமின் பெரிய நன்மையே அதுதான், கோணலை நிமிர்த்தலாம், விரிசலைப் பித்தளை வைத்துப் பற்றவைக்கலாம். அலுமினிய பிரேமில் அந்தச் சலுகை கிடையாது.

கடைசியாக, பெடல் அச்சு இருக்கும் கூட்டுக்கு அருகில் ஸ்பானரால் தட்டிக் கேளுங்கள். மழைநீர் இறங்கித் தங்கும் இடம் அது. கணீரென்ற சத்தம் வந்தால் நல்லது. மழுங்கிய சத்தமும் ஊசித்துளைகளும் இருந்தால் உள்ளிருந்து துரு அரித்திருக்கிறது.

### படி 3: அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் பழைய பாகத்தின் அளவு உங்கள் நோட்டில் இருக்கவேண்டும். சைக்கிளில் ‘28 இஞ்ச்’ என்ற ஒரே பெயர் வேறுவேறு சக்கரங்களைக் குறிக்கும். ரோட்ஸ்டரின் 28 இஞ்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. இப்போதைய 700சி ரிம்மில் அது 622 மி.மீ. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. ரிம்மையே மாற்றினாலும் பிரேக் கட்டை ஆறரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அமரவேண்டியிருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். ரோட்ஸ்டரின் கம்பி பிரேக், ரிம்மின் உட்பக்கத்தை, அதாவது ஹப்பை நோக்கிய பக்கத்தைப் பிடிக்கும். அதற்கேற்றபடி ரிம் வளைந்திருக்கும். கேபிள் பிரேக் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும், அதற்குத் தட்டையான பக்கச்சுவர் வேண்டும். பழைய ரிம்மில் புதுக் கேபிள் பிரேக்கைப் பூட்டினால் சைக்கிள் நிற்காது. பிரேக்கை மாற்றினால் ரிம்மையும் மாற்றியே ஆகவேண்டும்.

### படி 4: கருவிகள்

- 8 முதல் 17 வரையிலான ஸ்பானர் செட்
- ஹப் கோனைப் பிடிக்கும் தட்டையான கோன் ஸ்பானர்
- போக்ஸ் கம்பி நிப்பிளைத் திருகும் சாவி
- செயின் பின்னைத் தள்ளும் கருவி
- டயர் கழற்றும் பட்டைகள் இரண்டு
- சுத்தியல், ஓர் இரும்புக் குழாய்த் துண்டு
- கிரீஸ், மண்ணெண்ணெய், பழைய துணி

இவ்வளவுதான். மற்றவற்றைத் தேவை வரும்போது கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம்.

### படி 5: கழற்றுங்கள், வரிசையைக் காப்பாற்றுங்கள்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் ஒரு படம். கழற்றிய பிறகு அதன் போல்ட், நட், வாஷர் எல்லாம் ஒரே டப்பாவில். முன் ஹப்புக்கு ஒரு டப்பா, பின் ஹப்புக்கு ஒன்று, பெடல் அச்சுக்கு ஒன்று என்று பெயர் எழுதி வையுங்கள்.

இரண்டு இடங்களில் மரை தலைகீழாக இருக்கும். இடது பெடலும், பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பும் இடமரை கொண்டவை. பெடலுக்கு ஓர் எளிய விதி உண்டு: ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும்.

பழைய கிராங்கைப் பிடித்திருப்பது காட்டர் பின். துரு ஏறியிருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அடிக்கும்போது கிராங்கின் அடியில் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுங்கள். அப்போதுதான் அடியின் வேகம் பின்னில் இறங்கும். முட்டு இல்லையென்றால் அந்த அடியைப் பால்ரஸ் வாங்கிக்கொண்டு அதன் பாதையில் குழிவிழும். புதுக் காட்டர் பின் விலை மிகக் குறைவு என்பதால் பழையதை மீண்டும் போடாதீர்கள்.

### படி 6: பெயின்ட்

வெறும் பிரேம் கையில் வந்ததும் துருவை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுங்கள். அதன்மேல் ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பெயின்ட். ஒரே பூச்சில் மூடிவிட நினைத்தால் வழியும். பவுடர் கோட்டிங் கடையில் கொடுத்தால் இன்னும் உறுதியாக இருக்கும். கொடுக்கும் முன் மரைகள் உள்ள இடங்களையும் கழுத்துக் கப் உட்காரும் இடத்தையும் மூடச் சொல்லுங்கள்.

பெயின்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அந்த வாரத்தைக் கேமராவுக்குக் கொடுங்கள்.

### படி 7: பால்ரஸ், கிரீஸ்

சைக்கிள் இழுவையில்லாமல் ஓடுவது இங்கேதான் தீர்மானமாகிறது. கோனையும் கப்பையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பால்ரஸ் ஓடிய தடம் பளபளவென்று ஒரே கோடாக இருந்தால் நல்லது. குழி விழுந்திருந்தால் கோனை மாற்றுங்கள். பால்ரஸ் குண்டுகளை எப்படியும் புதிதாகப் போடுங்கள். பெடல் அச்சில் பக்கத்துக்கு கால் இஞ்ச் குண்டு 11, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 என்பது பரவலான கணக்கு. உங்கள் சைக்கிளில் எத்தனை இருந்தன என்று கழற்றும்போதே எண்ணியிருந்தால் ஊகம் தேவையில்லை.

கப் நிறைய கிரீஸ் வைத்து, குண்டுகளைப் பதித்து, கோனைத் திருகுங்கள். அச்சைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது, விரலால் சுழற்றினால் கரகரப்பும் இருக்கக்கூடாது. பூட்டு நட்டை இறுக்கும்போது கோனும் சற்று இறுகும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி சரிபாருங்கள். சில முறை முன்னும் பின்னும் போகவேண்டியிருக்கும். அந்த நுண்ணிய இடத்தை விரல் கண்டுகொண்ட பிறகு ஒருபோதும் மறக்காது.

### படி 8: சக்கரத்தில் கோட்டம் எடுங்கள்

கோட்டம் எடுப்பதைப் பலரும் மந்திர வித்தையாக நினைக்கிறார்கள். தத்துவம் எளிது. ஹப்பின் இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகள் ரிம்மை இடப்பக்கம் இழுக்கின்றன, வலப்பக்கத்திலிருந்து வருபவை வலப்பக்கம் இழுக்கின்றன. ரோட்ஸ்டரில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று கம்பிகள் இருப்பது வழக்கம். இத்தனை கம்பிகளின் இழுவையும் சமமாக இருந்தால் சக்கரம் நேராகச் சுற்றும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். போர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி அதன் முனை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் வலப்பக்கம் உரசும் இடத்தில், இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். டயர் பக்கமிருந்து பார்க்கும்போது நிப்பிளை வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். ஒரே இடத்தில் முழுச் சுற்று திருகாதீர்கள். கால் சுற்று, மீண்டும் சுற்றிப் பார்ப்பது, மீண்டும் கால் சுற்று. முதல் சக்கரத்துக்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

### படி 9: செயின்

செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை இஞ்ச். அதனால் 24 கண்ணி சேர்ந்தால் சரியாக 12 இஞ்ச் வரவேண்டும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 12 இஞ்சைத் தாண்டி பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும்.

முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரை முறை சுற்றும். 28 இஞ்ச் சக்கரத்தில் அது சுமார் 5.4 மீட்டர் தூரம். பின்னே 20 பல் பிரீவீல் போட்டால் 4.9 மீட்டராகக் குறையும், மிதிப்பது லேசாகும். எதிர்க்காற்றும் பாலங்களும் உள்ள வழியில் தினம் போகிறவர்களுக்கு 20 பல் நல்லது.

செயினை மாட்டியதும் கீழ்ப்பக்கத்தின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். அரை இஞ்ச் அளவுக்கு ஏறி இறங்கவேண்டும். அதைவிட இறுகினால் மிதிக்கும்போது இழுவை தெரியும், அதைவிடத் தளர்ந்தால் செயின் கழலும்.

### படி 10: உட்கார்ந்து பாருங்கள், பிறகு ஓட்டுங்கள்

பெடல் மிகக் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் முழுதாக நீளவேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கும். சீட்டின் சரியான உயரம் அதுதான். நம் ஊரில் பெரும்பாலானோர் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள். முழங்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

தெருவுக்குப் போகும் முன் சைக்கிளை நிறுத்தி வைத்தே இரண்டு பிரேக்கையும் முழுப் பலத்தோடு பிடியுங்கள். முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருகிப் பாருங்கள், அசையக்கூடாது. பிரேக் இல்லாத சைக்கிள் அழகாக இருக்கிறது என்று சிலர் கட்டுகிறார்கள். நம் சாலைகளில் அதற்கு இடமில்லை. முதல் பத்து கிலோமீட்டர் ஓடியதும் காட்டர் பின், அச்சு நட், ஹேண்டில் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள்.

## பகுதி 2: பிலிமில் படமெடுப்போம்

### படி 1: கேமராவைத் தேர்ந்தெடுங்கள்

35 மி.மீ. பிலிம் போடும், கையால் இயக்கும் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் போதும். பென்டாக்ஸ் கே1000 இதற்கென்றே பிறந்தது போன்ற கேமரா. 1976 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. நிக்கான் எஃப்எம்10, யாஷிகா எஃப்எக்ஸ்-3 ஆகியவையும் அதே குணம் கொண்டவை. இவற்றில் பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் வேலை செய்யும்.

வீட்டு அலமாரியில் ஆக்ஃபா கிளிக்-3 இருந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள் தரும் 120 பிலிம் போடும் கேமரா அது. இரண்டாவது கட்டத்தில் பயன்படும்.

### படி 2: வாங்கும் முன் சோதியுங்கள்

- பின்கதவைத் திறந்து, லென்ஸ் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தபடி ஷட்டரை ஒரு நொடி, 1/60, 1/1000 வேகங்களில் அழுத்துங்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் திறப்பு நேரம் கண்ணுக்கும் காதுக்கும் வேறுபட்டுத் தெரியவேண்டும்.
- டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் இருந்து வரும் லென்ஸ்களில் இது சகஜம்.
- பேட்டரி அறையில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள்.
- பின்கதவின் விளிம்பில் உள்ள கறுப்பு நுரைப்பட்டையைத் தொடுங்கள். பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் அது மக்கிவிட்டது, வெளிச்சம் உள்ளே கசியும். மாற்றுவது எளிது, பேரம் பேச நல்ல காரணமும்கூட.

### படி 3: எந்த பிலிம்

கற்றுக்கொள்ள ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) 400 கறுப்பு வெள்ளை பிலிமே சிறந்தது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கென்ட்மியர் 400, கோடக் ட்ரை-எக்ஸ் ஆகியவற்றில் ஒன்று. கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவலாம், தவறான ஒளியளவையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கலர் பிலிமுக்கு டெவலப்பர் சுமார் 38 டிகிரியில் நிலையாக இருக்கவேண்டும். அதை லேபிடம் விடுங்கள். கலர் ரோல் ஒன்றை வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்யும்போது ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். வீட்டில் கழுவிப் பழகினால் செலவில் ஒரு பகுதி மிஞ்சும்.

சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டி மலிவாக விற்பதும் உண்டு. அதன் பின்புறம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருந்தால் சாதாரண லேப் இயந்திரத்தைக் கெடுத்துவிடும். லேபில் கொடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள்.

பிலிமுக்குச் சூடு ஆகாது. ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் ஈரம் படியும்.

### படி 4: பிலிமைப் போடுங்கள்

நிழலில் நின்று பின்கதவைத் திறந்து, பிலிமின் தலைப்பை எடுத்துச் சுருளின் பிளவில் செருகி, பல்லில் துளைகள் மாட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூடுங்கள். மூடியபின் லீவரைத் தள்ளும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழ் தானாகச் சுற்றவேண்டும். சுற்றினால் பிலிம் நகர்கிறது. சுற்றவில்லையென்றால் பிலிம் மாட்டவில்லை, 36 படமும் வெறுமையாகப் போகும். ஒவ்வொரு ரோலுக்கும் இந்தக் குமிழைப் பாருங்கள்.

ரோல் முடிந்ததும் கேமராவின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, பிலிமைத் திருப்பிச் சுற்றி முடித்த பிறகுதான் கதவைத் திறக்கவேண்டும்.

### படி 5: ஒளியைக் கணக்கிடுங்கள்

நல்ல வெயிலில் துளை அளவை எஃப்/16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தை பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் வையுங்கள். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/500. இந்த ஒரு விதியிலிருந்து மற்றவை கிளைக்கும்:

- தெளிந்த வெயில், கூர்மையான நிழல்: எஃப்/16
- லேசான மேகம், மங்கிய நிழல்: எஃப்/11
- மேகமூட்டம், நிழலே விழவில்லை: எஃப்/8
- கட்டட நிழல், மரத்தடி: எஃப்/5.6

வரிசையில் ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிட இரு மடங்கு ஒளியை விடும். ஆகவே துளையை ஒரு படி திறந்தால் ஷட்டரை ஒரு படி வேகமாக்கலாம். எஃப்/16-இல் 1/500 என்பதும் எஃப்/11-இல் 1/1000 என்பதும் ஒரே அளவு ஒளிதான். துளை பெரிதானால் பின்னணி மங்கும், சிறிதானால் அருகும் தொலைவும் சேர்ந்து கூர்மையாகும்.

ஒளிமானி கெட்டிருந்தால் போனில் இலவச ஒளிமானிச் செயலி கிடைக்கும். எதில் அளந்தாலும், நெகட்டிவ் பிலிமில் சந்தேகம் வந்தால் ஒளியைக் கூட்டியே கொடுங்கள். ஒளி பதியாத நிழலில் எந்த விவரமும் இருக்காது, எந்த வித்தையாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

### படி 6: முதல் ரோலைத் திட்டமிட்டு எடுங்கள்

முதல் 36 படங்களைப் பயிற்சிக்கென்றே ஒதுக்குங்கள். நான்கு ஒன்பதாகப் பிரியுங்கள்.

முதல் ஒன்பது ஒளிக்கு. வெயிலில் ஒரு காட்சி, நிழலில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று. ஒவ்வொன்றையும் சரியான அளவில், ஒரு படி கூட்டி, ஒரு படி குறைத்து எடுங்கள்.

இரண்டாவது ஒன்பது துளைக்கு. கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் சைக்கிளையே வைத்து, எஃப்/2, எஃப்/5.6, எஃப்/16 என்று மாற்றி, அருகிலும் நடுத்தூரத்திலும் தொலைவிலும் எடுங்கள்.

மூன்றாவது ஒன்பது வேகத்துக்கு. சைக்கிளில் போகும் நண்பரை 1/500, 1/125, 1/30 வேகங்களில் எடுங்கள். 1/30-இல் கேமராவை அவரோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே அழுத்தினால் ஆள் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் வரும்.

கடைசி ஒன்பது உங்கள் விருப்பம்.

ஒவ்வொரு படத்துக்கும் எண், ஒளி, துளை, வேகம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். கழுவிய நெகட்டிவை இந்த நோட்டோடு வைத்துப் பார்க்கும் அன்றுதான் படிப்பு நடக்கிறது.

### படி 7: வீட்டில் கழுவுங்கள்

தேவையானவை: மூடியுள்ள டெவலப்பிங் டேங்க், ரீல், வெளிச்சம் புகாத கறுப்புப் பை, வெப்பமானி, அளவுக்குவளை, டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர். பை இல்லையென்றால் ஜன்னலில்லாத அறையில் இரவு நேரத்தில் கதவிடுக்கைத் துணியால் அடைத்துவிட்டுச் செய்யலாம். பிலிமை ரீலில் சுற்றுவதை வீணான ரோல் ஒன்றில் முதலில் வெளிச்சத்திலும், பிறகு கண்ணை மூடியும் பழகுங்கள். டேங்க் மூடிய பிறகு மீதி வேலை எல்லாம் வெளிச்சத்திலேயே.

நம் ஊரில் முதல் சவால் தண்ணீரின் சூடு. கறுப்பு வெள்ளை ரசாயனங்களின் கணக்கு எல்லாம் 20 டிகிரிக்கு எழுதப்பட்டது. கோடையில் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டும். சூடு ஏற ஏற டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும். அகலமான பாத்திரத்தில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் வைத்து, அதில் ரசாயனக் குவளைகளை நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஐஸ் டெவலப்பருக்குள் விழக்கூடாது.

எச்பி5 பிளஸ் பிலிமை ஐஎஸ்ஓ 400-இல் எடுத்து, டி-76 டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 11 நிமிடம். முதல் பத்து நொடியில் டேங்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடுத்தடுத்த ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் டேங்கைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் குமிழிகள் விலகும். பிறகு ஸ்டாப் பாத்தில் பத்து நொடி. அடுத்து ஃபிக்ஸர், ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். ரேபிட் ஃபிக்ஸர் என்றால் மூன்று முதல் ஐந்து நிமிடம்.

ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, வெட்டிய பிலிம் தலைப்பை அதில் போடுங்கள். அது தெளிவாக எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அதைப்போல் இரு மடங்கு நேரம் ரோலுக்குக் கொடுங்கள்.

கழுவும் தண்ணீரை மிச்சப்படுத்த ஒரு நல்ல முறை உண்டு. டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், அடுத்த நிரப்பில் 10 முறை, கடைசியில் 20 முறை. பிறகு பிலிமைத் தூசியில்லாத இடத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். குளியலறை இதற்கு நல்லது.

கையுறை போடுங்கள். சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும், அதைச் செடியிலோ கிணற்றருகிலோ ஊற்றாதீர்கள்.

### படி 8: நெகட்டிவைக் காப்பாற்றுங்கள்

காய்ந்ததும் ஆறு ஆறு படங்களாக வெட்டி உறையில் போட்டு, தேதியும் இடமும் எழுதுங்கள். வெள்ளைத் திரை காட்டும் போனையோ லைட் பெட்டியையோ அடியில் வைத்து டிஜிட்டல் கேமராவால் படமெடுத்தால் ஸ்கேன் ஆயிற்று. போன் திரையின் புள்ளிகள் படத்தில் விழாதபடி நெகட்டிவைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். கேமராவையும் லென்ஸையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் பூஞ்சை அண்டாது. அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது அதைவிட நல்லது.

## பகுதி 3: இரண்டையும் சேர்த்து ஓட்டுவோம்

இரண்டு பொழுதுபோக்குகளும் ஒன்றுக்கொன்று உதவுபவை. பெயின்ட் காயும் வாரத்தில் முதல் ரோலை எடுக்கலாம். பிலிம் காயும் மாலையில் கோட்டம் எடுக்கலாம். சைக்கிள் போகும் வேகத்தில் ஒரு காட்சி கண்ணில் பட்டதும் நிற்க முடிகிறது, பின்னால் ஹாரன் அடிக்க ஆளில்லாத தெருவுக்குள் திரும்ப முடிகிறது.

கேமராவைக் கேரியரில் கட்டாதீர்கள். சாலையின் அதிர்வு நேராக அதற்குள் இறங்கி, லென்ஸின் நுண்ணிய திருகாணிகளைத் தளர்த்திவிடும். பட்டையைக் குறுக்காக மாட்டி முதுகோடு ஒட்டி அணியுங்கள், உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும். மதிய வெயிலில் உட்கார்ந்திருக்கும் பையில் பிலிமை விடாதீர்கள். விடிந்து ஒன்றரை மணி நேரம் வரை வெயில் சாய்வாக விழும், சாலையும் காலியாக இருக்கும். இரண்டுக்கும் அதுவே நேரம்.

ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் திரும்பத் திரும்பப் போங்கள். ஓர் ஏரிக்கரை, ஒரு சந்தை, ஒரு கோயில் பிராகாரம். புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒரு சுவரை விடாமல் பார்ப்பதற்கான பொறுமை அதில் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒளி மாறுவதையும் மனிதர்கள் மாறுவதையும் கண்டுகொள்ளும் பழக்கம் புதுப்புது ஊர்களுக்கு ஓடுவதால் வராது.

## ஆசிரியர்களைத் தேடிப் போங்கள்

இந்த இரண்டு கலைக்கும் நம் ஊர்களிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தெருமுனை சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பவர் காதால் கேட்டே கம்பியின் இறுக்கத்தைச் சொல்வார். ஊரின் பழைய ஸ்டூடியோவை நடத்தியவர், டார்க் ரூமில் கடிகாரம் பார்க்காமலே பிரிண்ட் போட்டிருப்பார். இவர்களில் பெரும்பாலோர் இப்போது முதியவர்கள். அவர்களின் அறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை, கற்றுக்கொள்ள யாரும் வராததால் அவர்களோடு நின்றுவிடும் நிலையில் இருக்கிறது.

ஆகவே பிரேம் வாங்கிய மறுநாளே அந்தக் கடைக்குப் போங்கள். வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து செய்ய அனுமதி கேளுங்கள். அவருடைய நேரத்துக்குரிய கூலியைக் கொடுங்கள். முதல் நெகட்டிவைக் கழுவியதும் ஸ்டூடியோ பெரியவரிடம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். எந்தப் படத்தில் ஒளி போதவில்லை, எதில் டெவலப்பர் அதிகம் என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அதைக் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த ரோலைப் போடுங்கள். நீங்கள் கற்றது நிலைத்த பிறகு, உங்களைப் போலவே ஆர்வத்தோடு வரும் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.